5 வருஷமா சைக்கிள் ஸ்டார்ட் பட்டன்தான்: சிஎன்சி ஆபரேட்டர் வேலையில இருந்து அடுத்து எங்கே போறது?

குறிச்சி_நைட்ஷிப்ட்:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல், வயசு 26. கோவையில ஒரு ஜாப் ஒர்க் யூனிட்ல சிஎன்சி (கம்ப்யூட்டர் புரோகிராம்ல ஓடற மெஷின்) டர்னிங் ஆபரேட்டர், அதாவது லேத் வேலை. இன்னும் மூணு மாசத்துல 5 வருஷம் முடியுது. ரெண்டு மெஷின், பெரும்பாலும் பம்ப் ஷாஃப்டும் புஷ்ஷும். பீஸ் மாட்டணும், பட்டன் அழுத்தணும், கழட்டணும், பத்துக்கு ஒண்ணு மைக்ரோமீட்டர்ல பார்க்கணும். அளவு ஏறினா செட்டரை (மெஷினை ஜாபுக்குத் தயார் பண்றவர்) கூப்பிடணும். ஆஃப்செட் பேஜை (டூலுக்கு அளவுத் திருத்தம் போடற திரை) தொடக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்காங்க. முதல் வருஷம் பார்த்த வேலையேதான் இப்பவும்.

தலைக்குள்ள ஓடறது இவ்வளவும்: வேலையை விட்டுட்டு ஆறு மாசம் சாஃப்ட்வேர் கோர்ஸ், இல்லைன்னா கேட்-கேம் (கம்ப்யூட்டர்ல டிசைன் வரைஞ்சு மெஷின் புரோகிராம் எடுக்கறது) கோர்ஸ், இல்லைன்னா குவாலிட்டி பக்கம் தாவறது, சாயங்கால பி.இ., கல்ஃப். சம்பளம் இல்லாம மூணு மாசத்துக்கு மேல வீட்டுல தாக்குப்பிடிக்க முடியாது. எதை எடுக்கறது, எந்த வரிசையில எடுக்கறது?

டூல்_ஆஃப்செட்:

தம்பி, ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. நாளைக்கு நீங்க லீவு போட்டா என்ன நிக்கும்? பக்கத்து மெஷின் பையன் வந்து பட்டன் அழுத்திருவான். செட்டர் லீவு போட்டா அடுத்த ஜாப் ஏத்த ஆளில்லாம ரெண்டு மெஷின் நிக்கும். சம்பள வித்தியாசம் அங்கிருந்துதான் வருதுங்க. அதனால வேலையை விடறதுக்கு முன்னாடி, இருக்கிற இடத்துலயே செட்டர் ஆகறதுக்கு வேண்டியதைக் கறந்துக்குங்க. சிப்பும் கூலன்ட்டும் சம்பளமும் அங்கேயே கிடைக்குது. வெளிய கோர்ஸ்ல அதுக்குத்தான் காசு கட்டணும்.

ஆஃப்செட்டைத் தொட விடறதில்லைன்னு வருத்தப்படறீங்க. அது நியாயமான பயம்ங்க. 30.00 வரவேண்டிய இடத்துல 30.03 வந்தா வேர் ஆஃப்செட்ல (டூல் தேயறதுக்கான திருத்தம்) எக்ஸ் மைனஸ் 0.03 கூட்டணும், அவ்வளவுதான். ஆனா ஃபானுக் கன்ட்ரோல்ல 'இன்புட்'னு ஒரு கீ, 'பிளஸ் இன்புட்'னு ஒரு கீ. ஏற்கெனவே அங்க மைனஸ் 0.12 இருக்கும்போது வெறும் இன்புட் அழுத்தினா பழைய 0.12 அழிஞ்சு 0.03 மட்டும் உக்காரும். அடுத்த பீஸ் 9 சதம் (0.09 மில்லி) பெருசா வரும். புள்ளி வைக்காம 3ன்னு அடிச்சா பல மெஷின்ல அது 0.003. புள்ளியை இடம் மாத்தி 0.3ன்னு அடிச்சா பீஸ் போச்சு. இந்த மூணு தப்புக்குப் பயந்துதான் பூட்டி வைக்கறாங்க. இந்த மூணையும் உங்க வாயால செட்டர்கிட்ட சொல்லுங்க, அவர் பக்கத்துல நிக்கும்போது நான் அடிக்கட்டுமான்னு கேளுங்க. முக்கால்வாசிப் பேர் விடுவாங்க, ஏன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு வர்றது அவங்களுக்கும் பிடிக்காது.

அதுக்கும் முன்னாடி அளக்கறது. பெரும்பாலான ஆபரேட்டர் சறுக்கற இடம் சூடுதானுங்க. ஸ்டீல் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 11.5 மைக்ரான் நீளும். 50 மில்லி ஷாஃப்ட் மெஷினை விட்டு 20 டிகிரி கூடுதல் சூட்டோட வந்தா, ஆறினதும் 11 மைக்ரானுக்கு மேல சுருங்கிரும். 50க்கு எச்6 டாலரன்ஸே (அனுமதிச்ச அளவு விலகல்) மொத்தம் 16 மைக்ரான்தான். சூட்டுல அளந்து 'அளவு மேல இருக்கு'ன்னு ஆஃப்செட்டைக் குறைச்சா, சாப்பிட்டு வந்து பார்க்கும்போது தட்டுல இருக்கறது எல்லாம் அண்டர்சைஸ். மெஷின் மேலயும் இன்சர்ட் (வெட்டற முனை) மேலயும் பழி போகும். ஒரு பீஸை கழட்டின உடனே அளங்க, அதே பீஸை அரை மணி கழிச்சு அளங்க, வித்தியாசத்தை நோட்டுல எழுதுங்க. ஒவ்வொரு ஜாபுக்கும் அந்த எண் கையில இருந்தா சூட்டுல அளந்தாலும் சரியா திருத்தலாம்.

அடுத்தது சாஃப்ட் ஜா, அதாவது பீஸுக்கு ஏத்தபடி நாமளே கடைஞ்சுக்கற சக்கோட தாடை. இது நல்லா வந்தா பாதி செட்டர். பீஸைப் புடிக்கப்போற அதே பிரஷர்ல, ரிங்கை மாட்டி இறுக்கி, அப்புறம் போர் பண்ணணும் (ஜாவோட உள்பக்கத்தைக் கடையணும்). போர் விட்டம் பீஸோட விட்டமே இருக்கணும். சின்னதா அடிச்சா ஒவ்வொரு ஜாவும் ரெண்டு விளிம்புல மட்டும் கடிக்கும், பீஸ் மேல கீறல் விழும். பெருசா அடிச்சா ஜாவோட நடுவுல ஒரே கோடா தொடும், பீஸ் ஆடும். மெல்லிசு புஷ்ஷுல பிரஷர் ஜாஸ்தி வச்சா கழட்டினதும் மூணு மூலையா திரும்பிரும். அதை சாதா மைக்ரோமீட்டர் காட்டவே காட்டாது, எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அளவுதான் வரும். வி பிளாக்ல வச்சு டயல் போட்டுச் சுத்தினாத்தான் ஆட்டம் தெரியும். அசெம்பிளில பேரிங் ஏறலைன்னு திரும்பி வர்ற புஷ்ஷுல இந்தக் கேஸ் நிறைய உண்டு.

மூணாவது இன்சர்ட் டப்பா. சிஎன்எம்ஜி 120408ன்னு இருந்தா முதல் எழுத்து 80 டிகிரி டைமண்ட், ரெண்டாவது எழுத்து பக்கச் சரிவு சைபர் (அதனால ரெண்டு பக்கமும் திருப்பிப் போடலாம்), 12 வெட்டு விளிம்போட நீளம், 04 தடிமன் 4.76 மில்லி, 08 மூக்கு ரேடியஸ் 0.8. ஃபினிஷ் ஏன் மோசமா வருதுன்னு கேட்டா ஃபீடை (ஒரு சுத்துக்கு டூல் நகர்ற தூரம்) ஃபீடால பெருக்கி, ரேடியஸோட எட்டு மடங்கால வகுங்க. 0.2 ஃபீடு, 0.8 ரேடியஸ்னா மேடு-பள்ளம் 6 மைக்ரானுக்குக் கொஞ்சம் மேல. ஃபீடை 0.1 ஆக்கினா ஒன்றரைதான், நாலுல ஒரு பங்கு. ஸ்டோர்ல 08 தீர்ந்துபோய் 04 கொடுத்தா, ஆஃப்செட் பேஜ்ல ஆர் கட்டத்தையும் 0.4 ஆக்கணும். மாத்தலைன்னா நேர் விட்டம் சரியா வரும், டேப்பரும் ரேடியஸும் மட்டும் தப்பும். 'விட்டம் ஓகே, சாம்ஃபர் (முனைச் சரிவு) ரிஜெக்ட்'னு வந்தா முதல்ல அங்க பாருங்க. டிப் நம்பர் (டூல் மூக்கு பார்க்கற திசை) வெளி டர்னிங்குக்கு 3, போரிங்குக்கு (உள்பக்கம் கடையறது) 2.

புரோகிராம் கடைசியா. ஆர்பிஎம் கணக்கு கையில வரணும்: கட்டிங் ஸ்பீடு நிமிஷத்துக்கு 180 மீட்டர், விட்டம் 50 மில்லின்னா 1,80,000 மில்லியை 157-ஆல (50 பெருக்கல் 3.14) வகுத்தா சுமார் 1146. ஜி96 (கட்டிங் ஸ்பீடு மாறாம ஆர்பிஎம் தானா மாறற கட்டளை) போட்டுட்டு ஜி50-ல வேக வரம்பு வைக்காம ஃபேசிங் (முகப்பைக் கடையறது) அடிச்சா என்ன ஆகும்னு இன்டர்வியூல கண்டிப்பா கேப்பாங்க. 200 மீட்டர் ஸ்பீடுல 10 மில்லி விட்டத்துக்கு வரும்போதே 6300 தாண்டிப் போகச் சொல்லும். மெஷின் தன்னோட உச்ச வேகத்துக்கு ஓடும், சுத்தற வேகத்துல ஜாவோட புடி தளரும், பீஸ் பறக்கும். ஜி71-ல (ரஃப்பா கடையற சைக்கிள்) ஃபினிஷுக்கு விடற யு, வெளிப்பக்கம் பிளஸ், போரிங்குக்கு மைனஸ். வெளிப்பக்க புரோகிராமை காப்பி அடிச்சு போரிங் எழுதறவங்க விடற தப்பு இது. ஃபினிஷுக்கு மெட்டீரியலே மிச்சம் இருக்காது.

இவ்வளவுக்கும் ஆறுல இருந்து ஒன்பது மாசம் வைங்க. அப்புறம் விஎம்சி (செங்குத்து மில்லிங் மெஷின்) பக்கம் ஒரு கை. அங்க ரெண்டு கண்டம். 10 மில்லி எட்ஜ் ஃபைண்டர்ல (பீஸோட விளிம்பைக் கண்டுபுடிக்கற கருவி) தொட்டுட்டு பாதி 5 மில்லியைக் கழிக்க மறக்கறது ஒண்ணு. ஜி43-ல (டூல் நீளத் திருத்தம்) ஹெச் நம்பர் மாத்திப் போட்டு டூலை டேபிள்ல இறக்கறது இன்னொண்ணு.

வி_பிளாக்:

மேலே சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் குவாலிட்டி என்பதை எல்லோரும் ஒரே வேலையாக நினைக்கிறார்கள். அதில் ஏறுகிற பாதையும் உண்டு, முட்டுச் சந்தும் உண்டு. இறுதி ஆய்வு மேசையில் உட்கார்ந்து கோ, நோ-கோ கேஜ் (அளவு எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் காட்டுவது) போட்டு ஓகே ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலைக்குப் போனால், பட்டன் அழுத்துவதிலிருந்து ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு மாறியதாகத்தான் அர்த்தம். ஏசி அறை கிடைக்கும். ஐந்து வருடம் கழித்து இதே கேள்வியைத் திரும்பக் கேட்பீர்கள்.

ஏறுகிற பாதை சிஎம்எம் (புள்ளி தொட்டு முப்பரிமாணத்தில் அளக்கும் மெஷின்). அதற்கு அடிப்படை டிராயிங்கில் உள்ள ஜியோமெட்ரிக் டாலரன்ஸ் சின்னங்கள். ஒரு துளையின் மையம் எக்ஸ் பக்கம் 0.06, ஒய் பக்கம் 0.08 விலகியிருக்கிறது, பொசிஷன் டாலரன்ஸ் விட்டம் 0.15 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே 0.1-க்குள் இருப்பதால் பாஸ் என்று சொல்பவர் இன்னும் ஆபரேட்டர். இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.1, அதை இரட்டித்தால் 0.2, ஆகவே ரிஜெக்ட். இதைத் தாளில் போட்டுக் காட்டத் தெரிந்தால் உங்களை உள்ளே விடுவார்கள். பிறகு அலைன்மென்ட்: தளத்துக்கு மூன்று புள்ளி, கோட்டுக்கு இரண்டு, கடைசியாக ஒன்று, டிராயிங்கின் டேட்டம் (அளவெடுக்கும் ஆதாரப் பரப்பு) வரிசை ஏ, பி, சி எப்படியோ அதே வரிசையில். வசதிக்காக பி-யை முதலில் தொட்டுவிட்டு அளந்தால் எண்கள் அழகாக வரும், ஆனால் வாடிக்கையாளரின் ரிப்போர்ட்டோடு ஒட்டாது. சிஎம்எம் வைத்திருக்கும் இரண்டு கம்பெனிகளுக்கு இடையே நடக்கும் சண்டைகளில் பல இங்கிருந்து தொடங்குபவை. பிசி-டிமிஸ், கலிப்ஸோ என்ற சிஎம்எம் மென்பொருள் இரண்டில் எது உங்கள் வட்டாரத்தில் அதிகமோ அதை எடுங்கள். ஒன்று கைவந்தால் மற்றது சில வாரம்.

அதோடு, வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி என்றால் ஐஏடிஎஃப் 16949 தரச் சான்று இருக்கும். அங்கே பிபிஏபி (உற்பத்திக்கு முன் வாடிக்கையாளரிடம் வாங்கும் பாக ஒப்புதல்) கோப்பு தயாரிக்கத் தெரிந்த ஆளுக்கு எப்போதும் வேலை. அந்தக் கோப்பில் 18 அம்சங்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், கன்ட்ரோல் பிளான், எஃப்எம்இஏ (எங்கே தவறலாம் என்ற ஆய்வு), எம்எஸ்ஏ (அளக்கும் முறையை நம்பலாமா என்ற சோதனை) மூன்றையும் உங்கள் கையால் ஒரு பாகத்துக்கு எழுதிப் பழகுங்கள். எம்எஸ்ஏ செய்வது எளிது: 10 பீஸ், 3 ஆட்கள், ஆளுக்கு 2 அல்லது 3 முறை அளவு, முந்தைய அளவைப் பார்க்க விடாமல். கேஜின் பிழை 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் நல்லது, 10 முதல் 30 வரை நிபந்தனையோடு, 30-க்கு மேல் அந்தக் கேஜை வைத்து முடிவெடுக்கக் கூடாது. இதில் பழக்கமான தவறு, 10 பீஸையும் ஒரே நேரத்தில் ஓடிய ஒரே அளவு பீஸாக எடுப்பது. பீஸுக்குப் பீஸ் வித்தியாசமே இல்லாததால் நல்ல கேஜ்கூட 40, 50 சதவீதம் காட்டும். நாள் முழுவதும் ஓடியதில் இருந்து பரவலாகப் பொறுக்க வேண்டும்.

ஆபரேட்டராக இருந்து வருபவருக்கு இங்கே ஒரு பெரிய சாதகம் உண்டு. ரிஜெக்ட் ஏன் வந்தது என்று மெஷின் பக்கத்துக் காரணத்தை எழுதத் தெரிந்த குவாலிட்டி ஆள் குறைவு. 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று காரணம் எழுதி அனுப்பினால் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிடுவார். 'சூட்டில் அளந்து ஆஃப்செட் குறைத்தது, இனி அரை மணி ஆறவிட்டு அளவு' என்று எழுதினால் ஏற்பார்.

குறிச்சி_நைட்ஷிப்ட்:

ரொம்ப நன்றிங்ணா ரெண்டு பேருக்கும். மூணு மூலையா திரும்பற விஷயம் இங்க புஷ்ஷுல அடிக்கடி வருது, காரணம் இதுன்னு இப்பத்தான் புரியுது. கேட்-கேம் கோர்ஸ், பி.இ., சாஃப்ட்வேர் பத்தியும் யாராவது சொன்னா நல்லா இருக்கும். கம்பெனி மாறும்போது பிஎஃப் என்ன பண்றதுன்னும் தெரியலை.

போஸ்ட்_பிராசசர்:

சாஃப்ட்வேர் கோர்ஸ் பற்றி நேரடியாகவே சொல்கிறேன். மூன்று மாதத்துக்குமேல் தாங்காத வீடு, ஆறு மாத கோர்ஸ். அந்தக் கழித்தல் கணக்கே பதில். வேலை தேடும் மாதங்களை இன்னும் சேர்க்கவில்லை. ஆசை உண்மையா என்று செலவில்லாமல் பார்க்க ஒரு வழி இருக்கிறது: ஃபானுக் கஸ்டம் மேக்ரோ, அதாவது மெஷின் புரோகிராமுக்குள்ளேயே மாறிகள் வைத்து எழுதுவது. #100 முதல் #199 வரை கரன்ட் போனால் அழியும் மாறிகள், #500 முதல் மேலே உள்ளவை நிலைத்து நிற்பவை. 'இஃப்', 'வைல்' இரண்டும் அதிலேயே உண்டு. ஒரே வடிவம், ஏழு நீளம் என்று உங்கள் ஷாஃப்ட் குடும்பத்துக்கு ஒரே புரோகிராம் எழுதிப் பாருங்கள். நீளத்தை மட்டும் மேலே மாற்றினால் மிச்சம் தானாகக் கணக்குப் போட வேண்டும். அதை எழுதும்போது நேரம் போவது தெரியாவிட்டால் பைத்தான் பக்கம் போகலாம், சம்பளத்தோடு இரவில் படித்துக்கொண்டே. சலிப்பாக இருந்தால் கோர்ஸ் ஃபீஸ் மிச்சம். மேக்ரோ எழுதுகிற செட்டருக்கு தொழிற்சாலைக்குள்ளேயே மரியாதை தனி.

கேம் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் அந்த இடத்துக்கு நேரில் போய் மூன்று விஷயம் கேளுங்கள். ஒரு மாணவருக்கு நிஜ மெஷினில் எத்தனை மணி நேரம்? திரையில் வரும் டூல்பாத்தை எந்த மெஷினின் போஸ்ட் பிராசசர் (டூல்பாத்தை மெஷின் கட்டளையாக மாற்றுவது) வழியாக எடுக்கிறீர்கள்? வெட்டிய பீஸை அளந்து ரிப்போர்ட் கொடுப்பீர்களா? மூன்றுக்கும் மழுப்பல் பதில் என்றால் அது கணினிப் பயிற்சி, கேம் பயிற்சி அல்ல. சான்றிதழ் மட்டும் வரும். கிண்டியில் உள்ள மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனத்தின் கிளை (சிஐடிடி), என்டிடிஎஃப் மாதிரி பயிற்சி நிறுவனங்களில் மெஷின் இருக்கிறது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து தொழில் 4.0 மையங்களாக மாற்றியிருக்கிறார்கள். உங்களுக்குப் பக்கத்து மையத்தில் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்குக் குறுகிய பயிற்சி நடக்கிறதா என்று நேரில் விசாரித்துவிட்டுத் தனியாரிடம் போங்கள்.

வீட்டில் பழக ஃபியூஷன் என்ற கேட்-கேம் மென்பொருளின் தனிநபர் இலவச உரிமம் போதும். ஆனால் அதில் ராபிட் (வெட்டாமல் வேகமாக நகரும்) நகர்வைப் பறித்துவிட்டு எல்லாவற்றையும் ஃபீடில் ஓட்டும், தானாக டூல் மாற்றும் வரியும் வராது. 'கேம் புரோகிராம் ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுது' என்று குழம்புபவர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள். பழகுவதற்கு மட்டும்தான், அதே உரிமத்தில் கம்பெனி ஜாப் ஓட்டக் கூடாது. இன்னொன்று, டூ ஆக்ஸிஸ் லேத்துக்கு கேம் பெரிதாகத் தேவையில்லை, கையால் எழுதுவதே வேகம். கேம் படிப்பதென்றால் விஎம்சி, அதன்பிறகு டர்ன்-மில் (லேத்தும் மில்லிங்கும் ஒரே மெஷினில்) அல்லது 5 ஆக்ஸிஸை நோக்கிப் படியுங்கள். ஓசூர், பெங்களூர் பீன்யா பக்கம் விமானப் பாகம் செய்யும் இடங்களில் 5 ஆக்ஸிஸ் ஆளைத் தேடுகிறார்கள்.

பகுதி நேர பி.இ. டிப்ளமோகாரருக்கு நல்ல வழிதான். கோவையில் ஜிசிடி, சிஐடி, பிஎஸ்ஜி டெக் கல்லூரிகள் மூன்றிலும் உண்டு, 7 செமஸ்டர், மூன்றரை வருடம், சாயங்கால வகுப்பு. வேலை அனுபவச் சான்று கேட்பார்கள். ஆனால் இதில் பலர் மூன்றாம் செமஸ்டரில் நின்றுபோகக் காரணம் கணிதம் அல்ல, ஷிப்ட். சுழற்சி ஷிப்டில் இரண்டாம் ஷிப்ட் வரும் வாரமெல்லாம் வருகைப்பதிவு போகும். ஆகவே முதலில் நிலையான முதல் ஷிப்ட் அல்லது ஜெனரல் ஷிப்ட், பிறகு விண்ணப்பம். குவாலிட்டிக்கோ புரோகிராமிங்குக்கோ மாறினால் ஜெனரல் ஷிப்ட் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்பதால், நீங்கள் கேட்ட வரிசைக்கு அதுவே விடை: செட்டிங், அப்புறம் ஜெனரல் ஷிப்ட் வேலை, அப்புறம் பி.இ. தலைகீழாகப் போட்டால் இரண்டுமே நிற்காது.

பாஸ்புக்:

வேலை மாறும் கணக்கு மட்டும் சொல்றேன்.

மூணு மாசத்துல 5 வருஷம்னு எழுதியிருக்கீங்க. அதுவரைக்கும் ராஜினாமா கொடுக்காதீங்க. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) நிரந்தரத் தொழிலாளிக்கு 5 வருஷத் தொடர் சர்வீஸ் கணக்கு, 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துக்கெல்லாம் பொருந்தும். கடைசிச் சம்பளத்துல பேசிக், டிஏ சேர்த்து 14,000ன்னு வைங்க. அதை 15-ஆல பெருக்கி, 26-ஆல வகுத்து, 5-ஆல பெருக்கினா 40,384 ரூபா. மூணு மாசம் பொறுத்தா வர்ற காசு. விலகின 30 நாளுக்குள்ள எழுத்துல விண்ணப்பம் கொடுத்து, ஒரு நகல்ல ஆபீஸ் முத்திரை வாங்கி வைங்க.

ஆனா ஒரு கண்ணி இருக்கு. இபிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து, நிறுவனத்தோட பேர் 5 வருஷமும் ஒரே பேரான்னு பாருங்க. நடுவுல கான்ட்ராக்டர் பேர் மாறியிருந்தா, 'உன் சர்வீஸ் எங்ககிட்ட ரெண்டு வருஷம்தான்'னு சொல்ல இடம் இருக்கு. அப்ப வருகைச் சீட்டு, சம்பளச் சீட்டு, ஐடி கார்டுன்னு ஒரே கேட்டுக்குள்ள ஒரே மெஷின்ல வேலை பார்த்ததுக்கு இருக்கற எல்லா ஆதாரத்தையும் சேர்த்துக்கிட்டு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகணும். விலகறதுக்கு முன்னாடி சேர்க்கறது சுலபம்.

பிஎஃப்-ஐ எடுக்காதீங்க, மாத்துங்க. புதுக் கம்பெனில பழைய யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர்) நம்பரையே கொடுங்க. தெரியாதுன்னு சொன்னா புதுசா ஒண்ணு போட்டுருவாங்க, அப்புறம் ரெண்டையும் சேர்க்கறதுக்குள்ள தாவு தீர்ந்துரும். பழைய கம்பெனி விலகின தேதியை ஏத்தலைன்னா, கடைசித் தவணை விழுந்து ரெண்டு மாசம் கழிச்சு நீங்களே ஆன்லைன்ல ஏத்தலாம். ஆதார்ல இருக்கற பேரும் பிஎஃப்-ல இருக்கற பேரும் ஒரு இனிஷியல் மாறியிருந்தாலும் மாற்றம் நிக்கும். அதை வேலையில இருக்கும்போதே சரி பண்ணுங்க, விட்டப்புறம் கையெழுத்துக்கு அலையணும். பென்ஷன் பங்கையும் 10சி படிவம் போட்டு எடுத்துராதீங்க. 10 வருஷம் சேர்ந்தாத்தான் மாசப் பென்ஷன், எடுத்தா இந்த 5 வருஷம் சைபர்.

சம்பளம் பேசும்போது இஎஸ்ஐ-ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) மறந்துருவாங்க. உச்சவரம்பு மாசம் 21,000. 20,500-ல இருந்து 22,500-க்குப் புது இடத்துல சேர்ந்தா அங்க இஎஸ்ஐ கிடையாது. உங்களை நம்பி இருக்கற அப்பா அம்மா வைத்தியமும் அதோட போகும். ரெண்டு பேருக்கு வெளிய மருத்துவக் காப்பீடு எடுத்தா பிரீமியம் எவ்வளவுன்னு விசாரிச்சு, அதைக் கழிச்சுட்டு மிச்சம் இருந்தாத்தான் அது உயர்வு. இருக்கற கம்பெனியிலேயே சம்பளம் ஏறி 21,000 தாண்டினா அந்த அரையாண்டு முடியும்வரை (ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச்) இஎஸ்ஐ தொடரும்.

கல்ஃப் பத்தி ரெண்டு வரி. பத்தாவது பாஸ் என்பதால பாஸ்போர்ட் இசிஎன்ஆர் (குடியேற்ற அனுமதி தேவையில்லாதது)தான். ஏஜென்ட்டோட பதிவு எண்ணை மத்திய அரசோட இமைக்ரேட் தளத்துல தேடுங்க. பதிவு பெற்றவங்க சேவைக் கட்டணமா 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். லட்சக்கணக்குல கேட்டாலோ, 'விசிட் விசால போயி அங்க மாத்திக்கலாம்'னாலோ எழுந்து வந்துருங்க. கிண்டில தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கு, அங்கயும் பதியலாம். ஒப்பந்தத்துல 'மெஷின் ஆபரேட்டர்'னு இருக்கா, 'ஹெல்பர்'னு இருக்கான்னு பாருங்க. ஹெல்பர்னா அங்கயும் பட்டன்கூடக் கிடைக்காது, பெருக்கற வேலைதான்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை எந்தக் கம்பெனிலயும் விட்டுட்டு வராதீங்க. காட்டலாம், நகல் கொடுக்கலாம்.

டூல்_ஆஃப்செட்:

பயோடேட்டா பத்தி யாரும் சொல்லலை, அதையும் சொல்லிர்றேன். 'கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவர்' இதெல்லாம் வேண்டாங்க. ஒரு பக்கம் போதும். என்ன கன்ட்ரோல் (ஃபானுக் 0ஐ, சீமென்ஸ் 828), என்ன மெட்டீரியல் (இஎன்8, இஎன்24, எஸ்எஸ்304, வார்ப்பிரும்பு), நீங்க தொடர்ந்து புடிச்ச இறுக்கமான டாலரன்ஸ் எவ்வளவு, ஜாப் மாத்த எத்தனை நிமிஷம், என்ன அளவுக் கருவி. கட்டம் போட்டு எழுதினா போதும். ஆனா வாடிக்கையாளர் டிராயிங்கை போன்ல போட்டோ எடுத்துட்டுப் போயி இன்டர்வியூல காட்டாதீங்க. இங்க திருடினவன் நாளைக்கு அங்கயும் திருடுவான்னு நினைப்பாங்க, நியாயம்தானே. வேணும்னா வெள்ளைத்தாள்ல உங்க கையால ஒரு கற்பனை ஷாஃப்ட் வரைஞ்சு அதுக்கு செட்டப் ஷீட் எழுதிக் கொண்டுபோங்க.

நேர்ல டெஸ்ட் வைக்கும்போது டிராயிங்கைக் கொடுத்து உடனே பட்டனைத் தொடறீங்களான்னு பார்ப்பாங்க. தொடாதீங்க. முதல்ல ஜா இறுக்கம், டூல் நீட்டம், ஆஃப்செட் பேஜ், அப்புறம் சிங்கிள் பிளாக் (ஒவ்வொரு வரியா ஓட்டறது), ராபிட் வேகத்தை 25 சதவீதத்துல வச்சு, 'டிஸ்டன்ஸ் டு கோ' எண்ணைப் பார்த்துட்டே இறக்குங்க. பீஸுக்கு 20 மில்லி முன்னாடி நிறுத்தி, திரையில மிச்ச தூரம் 20-ன்னு காட்டுதான்னு கண்ணால ஒப்பிடுங்க. 20 இருக்கவேண்டிய இடத்துல 70 காட்டினா இடிக்கப்போகுதுன்னு அர்த்தம்.

குறிச்சி_நைட்ஷிப்ட்:

தெளிவாயிடுச்சுங்ணா. மூணு மாசம் இங்கேயே இருந்து செட்டிங், அதுக்குள்ள பிஎஃப் பேர் திருத்தம். ஒரே ஒரு சந்தேகம். சிமுலேட்டர்ல எம்24, 1.5 பிட்ச் திரெட்டுக்கு ஜி76 (மரை வெட்டற சைக்கிள்) எழுதிப் பார்த்தேன். ரெண்டாவது வரியில பி0.92ன்னு போட்டா அலாரம் வருது. ஏன்?

டூல்_ஆஃப்செட்:

ஜி76-ல பி-க்கும் க்யூ-க்கும் புள்ளி வைக்கக்கூடாதுங்க, அது மைக்ரான்ல போகும். பி920ன்னு போடுங்க. கணக்கு சரியாத்தான் போட்டிருக்கீங்க: பிட்ச் 1.5-ஐ 0.6134-ஆல பெருக்கினா 0.92. ரெண்டு பக்கமும் சேர்த்து 1.84, அதனால எக்ஸ்22.16. முதல் வரியில பி010060 போட்டா ஒரு ஃபினிஷ் பாஸ், கடைசில சரிவு இல்லை, 60 டிகிரி கோணம். குறைஞ்சபட்ச வெட்டு ஆழத்துக்கு க்யூ100. ரெண்டாவது வரியில முதல் வெட்டுக்கு க்யூ250, எஃப்1.5.

நிஜ மெஷின்ல ஓட்டும்போது ஜி97-ல (ஆர்பிஎம் மாறாதது) ஓட்டுங்க, ஜி96-ல வேண்டாம். கோ ரிங் கேஜ் (மரையைச் சோதிக்கற வளையம்) ஏறலைன்னா பீஸைக் கழட்டாம வேர்ல எக்ஸ் மைனஸ் 0.05 கூட்டி, திரெட்டை மட்டும் திரும்ப ஓட்டுங்க. அப்போ ஆர்பிஎம்-ஐ மட்டும் மாத்திராதீங்க. வேகம் மாறினா டூல் உள்ள நுழையற இடம் தள்ளிப்போயி, ரெண்டாவது வெட்டு பழைய பள்ளத்துல விழாம பல்லை அறுத்துரும்.